பதினேழாம் எண் பச்சையில் இருக்கிறது

நாள் 61. நேரம் 06:10
மேட்டு நிலையம், செவ்வாய். பணியில் ஒருவர், அமிழ்தினி. அடைவில் குடியிருப்புகள் 41. செய்தியோடைகள் 41. எல்லாம் பச்சை. காற்று சாதாரணம். ஏரியல் இரண்டும் சரி.

இந்தக் குறிப்பேட்டை அடுத்து வருபவர் படிப்பார் என்பதால் ஒரு விளக்கம். அடைவு என்பது இங்கிருக்கும் எல்லாக் குடியிருப்புகளின் இணையப் பக்கங்களையும் வரிசையாகத் தொகுத்த பட்டியல். மருத்துவர் எங்கே, உதிரி வடிகட்டி எங்கே என்று அதில்தான் தேடுவார்கள். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவம் அனுப்பிப் பட்டியலைத் திருத்தினார்கள். ஒன்பதாம் எண்ணில் மருத்துவர் இருப்பதாக அடைவு சொன்னதை நம்பி ஒரு கர்ப்பிணியை அங்கே கொண்டுபோனார்கள். மருத்துவர் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஆர்எஸ்எஸ் எனப்படும் இணையச் செய்தியோடைகளை, அதாவது ஃபீடுகளை, கொண்டுவந்தேன். பூமியில் பலர் மறந்துவிட்ட பழைய முறை. அடைவு யாரையும் போய்க் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் மாறியதை மட்டும், நேரத்தோடு, தானே சொல்லும். சொன்னால் பச்சை. மூன்று மணி நேரம் சொல்லாவிட்டால் சிவப்பு. பேசாமல் இருப்பதும் ஒரு செய்தி. ஓடையின் பயனே அதுதான்.

பதினேழாம் எண், குழந்தைகள் காப்பகம்: "பிள்ளைகள் பதினொன்று. எல்லாரும் நலம். காலையில் இட்லி." துளிர் அந்தப் பதினொன்றில் ஒருத்தி. வயது நான்கு. நான் இறங்கிப் போக இன்னும் 29 நாள்.

நாள் 61. நேரம் 17:30
தெற்கே தூசி எழும்புகிறது. எச்சரிக்கை கொடுத்தாயிற்று.

காப்பகம்: "பிள்ளைகள் பதினொன்று. எல்லாரும் நலம். சுண்டல் சாப்பிட்டார்கள்." நேரம் 16:55. நிம்மதி.

இதைப் பதிவு செய்துவிடுவது நல்லது. காப்பகத்தின் ஓடை முதலில் இப்படி ஒழுங்காக வராது. வராத ஒவ்வொரு மணிக்கும் நான் ரெபேக்காள் அக்காவைக் கூப்பிடுவேன். அவர்தான் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருநாள் ஒரே மணியில் மூன்று தடவை கூப்பிட்டபோது சொன்னார்: "ஏ பிள்ளே, பதினோரு மூக்கச் சிந்தி விடவா, ஒனக்கு ஃபீடு போடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

எனவே மேலே ஏறி வருமுன் ஒரு சின்ன நிரல் எழுதி, செய்தி அனுப்பும் அவருடைய ஓடைப் பெட்டியில் போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதாவிட்டால், கடைசியாக எழுதியதையே புது நேரத்தோடு மறுபடி அனுப்பும். அக்காவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. வேறு ஆறு குடியிருப்புகளில் அம்மாக்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன்.

நாள் 62. நேரம் 08:40
புயல் இரவோடு இரவாகக் கடந்தது. குடியிருப்புகளோடு பேச்சுத் தொடர்பு போய்விட்டது. வண்டியோடும் தலைமையகத்தோடும் மட்டும் பேச முடிகிறது. ஓடைகள் மெலிந்த அலைவரிசையில் வருகின்றன.

சிவப்பு: 22, 30. பதினேழு பச்சை. முதலில் அதைத்தான் பார்த்தேன், மறைப்பானேன்.

நாள் 62. நேரம் 09:15
மீட்பு வண்டி ஒன்றே ஒன்று. ஓட்டுநர் மரியதாஸ் அண்ணன். தலைமையகத்திலிருந்து குழந்தைவேல் சார்: "வண்டி எங்க முதல்ல போகணும்னு உங்க அடைவே சொல்லட்டும். விதி நீங்க எழுதினதுதான."

விதி: அதிக நேரம் பேசாதிருக்கும் இடத்துக்கு முதலில். முப்பது, அப்புறம் இருபத்திரண்டு. இரண்டுமே பதினேழுக்கு நேரெதிர்த் திசை.

வழியில்தானே, பதினேழை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணா என்று சொல்ல வாய்வரை வந்தது. வழியில் இல்லை. சொல்லவில்லை. என் பிள்ளை இருக்கும் இடம் பச்சையில் இருக்கும்போது, சிவப்பில் கிடக்கிறவர்களைக் காக்க வைக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாள் 62. நேரம் 19:00
மரியதாஸ் அண்ணன், முப்பதாம் எண்ணிலிருந்து: "ரெண்டு பேருக்குக் கை முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டாச்சு. அடுத்து இருவத்திரண்டு. நீ சாப்பிட்டியாம்மா?"

சாப்பிட்டேன் என்றேன்.

காப்பகம்: "பிள்ளைகள் பதினொன்று. எல்லாரும் நலம். சுண்டல் சாப்பிட்டார்கள்." புயலிலும் பிசகாமல் மணிக்கொரு தடவை.

நாள் 63. நேரம் 06:55
காப்பகம்: "பிள்ளைகள் பதினொன்று. எல்லாரும் நலம். சுண்டல் சாப்பிட்டார்கள்."

ரெபேக்காள் அக்கா இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சுண்டல் போடமாட்டார். பிள்ளைகளுக்கு வயிறு உப்பும் என்பார்.

நாள் 63. நேரம் 07:00
ஓடையின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். கையால் எழுதிய கடைசிச் செய்தி நாள் 61, 16:55. அதற்குப் பின் வந்த முப்பத்தெட்டும் நிரல் அனுப்பியவை. என் நிரல்.

காப்பகத்தின் முன்னறையில் காற்றழுத்தம் இறங்கினால் உள்ளறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஓடைப் பெட்டி முன்னறையில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அது நிற்காது, தனி பேட்டரி. அதையும் நான்தான் எழுதிக் கேட்டு வாங்கினேன். அழுத்தமானியை ஓடையில் சேர்க்கச் சொல்லியும் எழுதினேன். அலைவரிசை வீண் என்று தலைமையகம் வெட்டிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. நலம் என்று ஒரு வரி வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

உள்ளறையில் பன்னிரண்டு பேருக்கு நாற்பது மணி நேரக் காற்று.

நாள் 63. நேரம் 07:06
குழந்தைவேல் சார்: "பதினேழு பச்சையாத்தானே இருக்கு? ஃபீட் வந்துட்டிருக்கிற இடத்துக்கு எப்படிம்மா வண்டியத் திருப்புறது?"

நிரலை நிறுத்தினேன். பதினேழைக் கையால் சிவப்பாக்கினேன். "இப்ப திருப்புங்க" என்றேன். அனுமதி கொடுத்தார்.

நாள் 63. நேரம் 07:11
மரியதாஸ் அண்ணன், இருபத்திரண்டிலிருந்து: "இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. ஏரியல் சாஞ்சு போச்சு, அவ்ளோதான். எனக்கே டீ போட்டுக் குடுத்தாவ." சொன்னேன். பதினேழைப் பற்றி எல்லாவற்றையும். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு: "ஒம்பது மணி நேரமாவும்மா. எட்டுல போயிரப் பாக்கேன். நீ வேற எதையும் நெனைக்காத."

நாள் 63. நேரம் 07:40
மற்ற ஆறு குடியிருப்புகளிலும் நிரலை நிறுத்தினேன். நிரல் நின்றதென்று பெட்டிகள் மணியடித்திருக்கும், கால் மணி நேரத்தில் ஆறு ஓடைகளிலும் கையால் எழுதிய செய்தி வந்துவிட்டது. "யார் இதை நிறுத்தியது?" "பிள்ளையைத் தூங்க வைக்கவா, இங்கே உட்கார்ந்து தட்டவா?" "உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், திரும்பப் போடுங்கள்."

திட்டு வந்த இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. அடைவு இப்போதுதான் உண்மை சொல்கிறது.

நாள் 63. நேரம் 08:55
கையால் எழுதிய கடைசிச் செய்தியிலிருந்து எண்ணினால் நாற்பது மணி முடிந்தது. ஆனால் நாற்பது என்பது பெரியவர்கள் பன்னிரண்டு பேருக்கான கணக்கு. பிள்ளைகளின் மூச்சு சிறியது. பாதி என்று வைத்தால் எழுபதுக்கு மேல் தாங்கும். அழுதால் குறையும். ரெபேக்காள் அக்கா அழ விடமாட்டார். பாட்டுச் சொல்லிப் படுக்க வைத்திருப்பார்.

கதவின் ரப்பர் சரியாக இருக்க வேண்டும். அது போன வருடத்து ரப்பர்.

நாள் 63. நேரம் 12:30
இங்கிருந்து பதினேழுக்கு 26 கிலோமீட்டர். உடையில் காற்று மூன்று மணி நேரம். நடந்தால் ஏழு. நான்கு தடவை உடையைப் போட்டுக் கழற்றிவிட்டேன். நான் போனால் வண்டியோடு பேச ஆள் இல்லை.

பதினேழு சிவப்பு. மணிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது வரவில்லை. நிறுத்தியது நான்தான். இருந்தும் 12:55 ஆகட்டும் என்று காத்திருக்கிறேன்.

நாள் 63. நேரம் 12:56
வரவில்லை.

நாள் 63. நேரம் 15:22
மரியதாஸ் அண்ணன்: "வந்துட்டேன். முன்னறைச் சுவர் கிழிஞ்சிருக்கு. பெட்டியில விளக்கு எரியுது. உள்கதவு பூட்டித்தான் இருக்கு. தட்டுறேன்."

15:24
"தட்டுறேம்மா."

15:31
"கதவச் சுத்தி வண்டிக் கூடாரத்த ஒட்டிக் காத்து நிரப்பிட்டேன். அறுக்கேன். லைன்ல இரு."

15:50
கதவு திறந்த சத்தம் கேட்டது. எத்தனை பேர் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். பதினொன்றா அண்ணா, பதினொன்றும் இருக்கிறதா.

16:02
அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. மெதுவாக ஒன்று கேட்டார்: "துளிரு எந்தச் சட்டை போட்டிருந்தாம்மா?"

16:02
தெரியவில்லை. அறுபத்து மூன்று நாளாக மணிக்கு மணி படித்தேன். சட்டை ஓடையில் வரவில்லை.