எரித்ததாகச் சொன்ன இரண்டு பெட்டிகள்

எங்கள் வீட்டு முன்னறைக் கதவு இனி வெளிப்புறமாகத் திறக்காது, உட்புறமாகத்தான் திறக்கும் என்று ஒரு புதன்கிழமை காலை, காபி குடித்து முடித்த கையோடு தீர்மானித்தேன். இருபத்திரண்டு வருஷமாக இருந்துவந்த ஏற்பாடு. அதை ஒருவன் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியுமா? இரு தரப்பு நியாயங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வெளியே திறப்பதற்கு ஆதரவாக ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே திறப்பதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே துணிந்து உத்தரவு போட்டேன்.

"கதவு உள்ளே திறந்தா அதுக்குப் பின்னாடி ஒரு சாமான் வெக்க முடியாதே, யோசிச்சேளா?" என்று என் மனைவி மட்டும் கேட்டாள்.

பின்னால் வைக்க என்னிடம் எதுவும் இல்லை என்று சொன்னேன். அப்போது அதை நானும் நம்பினேன்.

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கும் மின்சார விளக்கு வந்துவிட்டது. கம்பி இழுப்பதற்குப் பரண் இடைஞ்சலாக இருக்கிறது, இடித்துவிட வேண்டும் என்றார் கொத்தனார். அவர் சைதாப்பேட்டைக்காரர், இடிப்பதில் கட்டுவதைவிட உற்சாகம் அதிகம். பரணிலிருந்து மூன்று உடைந்த குடைகள், தொட்டிலின் ஒரு கால், பதினோரு வருஷத்துப் பஞ்சாங்கம், இன்னதென்று ஒருவருக்கும் தெரியாத ஒரு பித்தளைச் சாமான் ஆகியவை இறங்கின. பித்தளைச் சாமானை எறியக் கூடாது என்று என் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். என்றாவது ஒருநாள் அது என்னவென்று தெரியவந்தால் உபயோகப்படுமாம். கடைசியாகக் கயிறு கட்டிய தகரப் பெட்டி ஒன்றைக் கொத்தனார் முனகிக்கொண்டே இறக்கினார்.

"இன்னா சாமி, இதுல இன்னா கீது?"

"ஒண்ணுமில்லேப்பா."

"ஒண்ணுமில்லாததா இந்தக் கனம் கனக்குது? தூக்கிக்கினு எறங்கறதுக்குள்ள என் இடுப்பு பூட்ச்சி."

பெட்டியிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. பல்வலிக்கென்று எப்போதும் சட்டைப்பையில் கிராம்புத் தைலம் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து நீர் ஒருவர்தான், வாத்தியாரே. அது உமது பெட்டி. நான் எரித்துவிட்டதாக உம்மிடம் சொன்ன பெட்டி.

அந்தப் பேச்சு நடந்தது போகிக்கு முந்தின நாள் மாலை, சாந்தோம் கடற்கரையில். நீர் உமது பள்ளிக்கூடத்திலிருந்தும் நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலையிலிருந்தும் வந்து, வழக்கம்போல ஒரு கவிழ்த்த படகின்மேல் சாய்ந்துகொண்டிருந்தோம்.

"உங்க போகி நல்ல ஏற்பாடு, அய்யரே," என்றீர். நான் ஐயங்கார் என்று எத்தனை முறை திருத்தியும் நீர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. "எங்களுக்கு மாதா கோயில்ல பாவத்தைச் சொல்லித் தீர்க்க வழி இருக்கு. வீட்டுல சேர்ற காகிதத்தைத் தீர்க்க ஒரு வழியும் இல்லை."

"ஏற்பாடு நல்லதுதான், வாத்தியாரே. போன போகிக்கு நான் எரிச்சது ஒரே ஒரு கிழிஞ்ச பாய். அதுவும் அடுத்தாத்துப் பாய்."

நீர் சிரிக்கவில்லை. ஒரு சித்தாந்தம் சொன்னீர். தன் குப்பையை எறிய எவனுக்கும் கை வராது, அடுத்தவன் குப்பையை எறிய அரை நிமிஷம் போதும் என்றீர். "உம்ம நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கிற பெட்டியை என்கிட்ட தாரும். என்னுதை நீர் எடுத்துட்டுப் போம். திறக்கக் கூடாது. எரிச்சுடணும்."

என் பெட்டியில் இருந்தது உமக்குத் தெரியும். கோர்ட்டில் வழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் தமிழ் கண்டுபிடிப்பதாக ஒன்பது வருஷம் எழுதிக் குவித்துப் பாதியில் நின்றுபோன காகிதங்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. உமது பெட்டியில் என்ன என்று நீர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவர் உமக்குக் கற்றுக்கொடுத்த முடிச்சைப் போட்டிருந்தீர். அறுக்கலாமே தவிர அவிழ்க்க முடியாது என்று பெருமையாகச் சொன்னீர்.

அன்றே பெட்டிகள் கைமாறின. பொங்கலன்று சந்தித்தோம்.

"வெந்நீர் அடுப்புல போட்டேன், அய்யரே. உம்ம தமிழ் நல்லா எரியுது. ரெண்டு நாளாக் குடும்பமே சுடுதண்ணில குளிக்குது."

"உம்முடையது போகித் தீயில போச்சு," என்றேன் நான். உண்மையில் தீ வரைக்கும் கொண்டுபோனேன். கிராம்பு வாசனை அடித்தது. திரும்பக் கொண்டுவந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பரணில் ஏற்றினேன். ஆனால் திறக்கவில்லை. எரிப்பதாகக் கொடுத்த வாக்கு போனாலும் திறப்பதில்லை என்ற வாக்கையாவது காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. பாதி யோக்கியனுக்கு முழு யோக்கியனைவிடத் திருப்தி அதிகம்.

இரண்டு வருஷம் கழித்து நீர் படுக்கையில் விழுந்தீர். ஒரு பிற்பகல், உம் மனைவி கஞ்சி எடுக்க உள்ளே போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக் கேட்டீர்.

"அந்தப் பெட்டி... நிஜமாவே எரிச்சுட்டீரா?"

சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களின் வாக்குமூலங்களை முப்பது வருஷம் மொழிபெயர்த்தவன் நான். குரல் நடுங்காமல் சொன்னேன்: "எரிச்சாச்சு, வாத்தியாரே. சாம்பலைக்கூட வெக்கலே. கடல்ல கரைச்சாச்சு."

நீர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு "நல்லது" என்றீர். மூன்றாம் நாள் உம்மை அடக்கம் செய்தோம்.

அதெல்லாம் ஆகி ஒரு வருஷம். இப்போது பெட்டி நடு அறையில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று கொத்தனார் ஒரு மணிக்கு ஒரு தரம் கேட்கிறார். எரிப்பதா, கொடுப்பதா என்று தெரியாமல் கச்சேரி ரோடு வழியாக நடந்து உம் வீட்டுக்குப் போய், உம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்முடைய காரியம் முடிந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"உங்க பொட்டிய எரிச்சேன்னா சொன்னாரு? தேய்ஞ்ச பென்சிலைக்கூட எறிய மாட்டாரே அந்த மனுசன்! இங்க பாருங்கண்ணே." கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை இழுத்தார்.

என் சணல் கயிறு அதில் இல்லை. மீனவர் முடிச்சு இருந்தது. திறந்து, படித்து, மறுபடி கட்டியிருக்கிறீர். அறுத்துப் பார்த்தால், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில். கடைசித் தாளின் அடியில், பரீட்சைத் தாளில் போடுவதுபோல எழுதியிருந்தீர்: நூற்றுக்கு அறுபத்தொன்று. கையெழுத்து மோசம். முடிக்கவும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உம் மனைவி மெதுவாகக் கேட்டார். "உங்ககிட்ட இருக்கிற பொட்டியில புள்ளையோட காயிதம் இருக்குமாண்ணே? மொதல்ல ரெண்டு வந்துது. அப்பறம் வரவேயில்லன்னாரு. பள்ளிக்கூட விலாசத்துக்குப் போட்டிருப்பானோ என்னவோ. எங்க இருக்கான்னு தெரியல. அப்பா போனதுகூட அவனுக்குத் தெரியாது."

நீர் ஏற்பாடு செய்திருந்த வாத்தியார் வேலையை உதறிவிட்டு, ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசிக்க ஓடிப்போன உம் மகன். "எனக்கு மகன் இல்லை" என்று நீர் ஒருநாள் சொன்னீர். அன்றிலிருந்து நமக்குள் அந்தப் பேச்சு இல்லை. அந்த உத்தரவையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அரிவாள்மணையால் முடிச்சை அறுத்தேன். அடியில் ஒரு சின்ன ஆர்மோனியம்; யாருக்கோ கொடுத்துவிட்டதாக நீர் சொன்னது. அதன்மேல் பதினேழு கடிதங்கள். எல்லாம் பிரித்துப் படித்தவை. ஒவ்வொரு உறையிலும், வருகைப் பதிவேட்டில் குறிப்பதுபோல, வந்து சேர்ந்த தேதி உமது கையெழுத்தில். கூடவே நான்கு தாள்கள். நான்கிலும் "அன்புள்ள மகனுக்கு" என்ற ஒரு வரிதான் இருந்தது.

கடைசிக் கடிதம் கொழும்பிலிருந்து வந்தது. பேசும் படம் வந்ததால் கம்பெனி கலைந்துவிட்டதாம். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறானாம். இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுதித் தொந்தரவு செய்வதில்லை என்று எழுதி, விலாசத்தைத் தெளிவாகக் கொடுத்திருந்தான். நீர் என்னிடம் பெட்டியைக் கொடுத்தது அதற்கு ஒரு வாரத்துக்குப் பின். அவன் சொன்னபடி எழுதாமல் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு அந்த விலாசம் இந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது.

இதிலிருந்துதான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படுக்கையில் நீர் கேட்டது விலாசத்தையா? நீர் என்னுடையதை எரிக்கவில்லை. அதனால் நானும் எரித்திருக்க மாட்டேன் என்று நம்பிக் கேட்டீரா? அல்லது எரிந்துவிட்டது என்று கேட்டு நிம்மதியாகப் போகத்தான் கேட்டீரா? உம்மைப்போல நானும் வாக்கை முழுசாக மீறித் திறந்திருந்தால், அவன் உம்மைப் பார்க்க வந்திருப்பான். சில நாள் இதற்குக் காரணம் நான் என்று தோன்றுகிறது. சில நாள் நீர் என்று தோன்றுகிறது. பல் தேய்க்கும்போது ஒரு மாதிரியும் டிராமுக்கு நிற்கும்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. இத்தனை வருஷம் பிறர் வார்த்தைக்கு அர்த்தம் எழுதிப் பிழைத்தவனுக்கு, நீர் சொன்ன அந்த "நல்லது" மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பதினேழு கடிதங்களையும் இரண்டு பிற்பகல்களில் உம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நீர் கேட்டதையும் நான் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் வெகுநேரம் முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரும்தானேண்ணே உங்ககிட்ட எரிச்சேன்னாரு," என்றார் கடைசியில். "இன்னிக்கே அவனுக்கு எழுதுங்க. பொட்டி உங்க வூட்லயே இருக்கட்டும். அவங்கப்பா குடுத்து வெச்ச எடத்துல வந்து அவனே எடுத்துக்கட்டும்."

அன்றே எழுதிப் போட்டேன். என் பெட்டியைக் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். பரண் இல்லை. முன்னறையில் காலியாக இருந்த ஒரே இடம் கதவுக்குப் பின்புறம். இரண்டையும் அங்கே பக்கம் பக்கமாக வைத்தேன். "பின்னாடி வெக்க ஒண்ணுமில்லேன்னேளே!" என்று என் மனைவி கேட்டாள்.

கோர்ட்டிலிருந்து வந்ததும் இப்போது தினம் ஒரு மணி நேரம், விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நீர் சிவப்பில் திருத்தியவற்றில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உம் மகன் கொழும்பிலிருந்து வந்தான். முன்னறைக் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தான்.