கம்பளம் மட்டும் விரித்த இடங்கள்

மார்ச் 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாசமாச்சு. இங்கே கார் வியாபாரம் படுத்தே போச்சு. ஷோரூமில் கார்களும் நாங்களும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். வர்ற ஞாயிறு வட்டார கார் கண்காட்சி, இப்போ நீ இருக்கிற ஊரில்தான். அதிலாவது நாலு கார் போனால்தான் எங்களுக்கு வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டார். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். வீட்டில் வாயே திறக்கிறதில்லைன்னு கோவிச்சுக்கிட்டுப் போனாயே, அங்கே வந்தா என் வாயைப் பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

என்னங்க,

வந்தேன். உங்களுக்குத்தான் தெரியாது.

பாதி கம்பெனிகள் வரவே இல்லை போல. கார் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பளம் விரிச்சிருந்தாங்க. வந்த கொஞ்ச பேரும் ஏசிக் காற்று வாங்க வந்தவங்கதான். தூணுக்குப் பின்னால் நின்னு பார்த்தேன். யாரும் தொடாத காரைத் திரும்பத் திரும்பத் துடைச்சிட்டிருந்தீங்க. ஒரு குடும்பம் வந்து ஏறி உட்கார்ந்துச்சு. வாங்கற ஆளுங்க இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது. அந்தம்மா செருப்பைக் கழற்றிட்டுக் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டாங்க. "இதென்ன லாட்ஜா?"ன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் உங்களைப் பார்த்துக் கத்தினார்.

"சீட் வசதியா இருக்கான்னு பார்க்கறாங்க சார்"னு சிரிச்சீங்க. அவர் போனதும், ஹால் ஜன்னல் வழியா வந்த வெயில் அந்தம்மா மேல படாம கார் கண்ணாடித் திரையை இழுத்து விட்டீங்க.

பக்கத்தில் வந்திருக்கலாம். என்னைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரிச்சிடுவீங்களோன்னு பயம். பஸ் ஏறிட்டேன். தினமும் சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வரும்போது உங்ககிட்ட ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லாதது ஏன்னு வழியெல்லாம் யோசிச்சேன். கோபம் முழுசாப் போகலை, தெரிஞ்சுக்கோங்க. ஆனா ரொம்ப இளைச்சிருக்கீங்க. வேளைக்குச் சாப்பிடறீங்களா?

டீச்சர்


மார்ச் 14

டீச்சரம்மா,

கண்காட்சியில் ஒரு கார்கூடப் போகலை. நேத்து ஆறு பேரை நிறுத்திட்டாங்க. அதில் நானும் ஒருத்தன். டையை அவிழ்த்து மேஜை மேல வச்சுட்டு வெளியே வந்தேன். அழுகை வரும்னு நினைச்சேன், கொட்டாவிதான் வந்தது.

சனிக்கிழமை வரேன். அக்காகிட்ட சொல்லி வை. ரெண்டு நாள் தூங்க விடு. அப்புறம் நீ கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொல்றேன். சண்டையில போய் முடிஞ்சாலும் சரி.

உன்
வேலையில்லாத வீட்டுக்காரன்