ஏழாவது லெவலில் கருவாட்டுப் பெட்டி

4.11 திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தீபாவளிச் சரக்கு போய் அலமாரி பாதி காலி. ஆள் நடமாட்டம் இல்லை.

இன்று: லெவல் 22-இல் அரிசி மூட்டையை ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ள. லெவல் 7 மறுபடி சரிபார்க்க. வேன் வைப்பர் மாற்ற. கால் வலிக்குத் தைலம்.

மகள் கவிதா காலையிலேயே கேமை மூன்று பேருக்கு அனுப்பிவிட்டாள். சிங்கப்பூரில் அவளோடு வேலை பார்த்தவர்கள். விளையாடிப் பார்த்துச் சொல்வார்கள். கேமை வாங்குவதா என்று வியாழன் அன்று கோலாலம்பூர் கம்பெனி முடிவு சொல்லும். எடுத்துக்கொண்டால் மகள் இங்கேயே, கடை மாடியில், அடுத்த நாற்பது லெவல். இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சிங்கப்பூர் பழைய ஆபீசுக்கு 'வருகிறேன்' என்று பதில். எனக்கு எது வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. ஆசையை முகத்தில் காட்டினால் பேரம் கெட்டது.

கேம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேனில் சரக்கு ஏற்றுவது. மார்ச்சில் மலாக்காவுக்கு வந்தவள், நான் ஏற்றுவதை நின்று பார்த்து, "அப்பா, இது கேம்ப்பா" என்றாள். அவளுக்குக் கம்ப்யூட்டர், எனக்கு லெவல் வரையக் கட்டம் போட்ட நோட்டு. கதவு ஒன்றுதான். கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். வைத்த பெட்டியை மறுபடி தொடக்கூடாது. செர்காம் மீனவர்களிடம் எடுக்கிற கருவாடு, எஸ்டேட் கோயில்களுக்குப் பூஜைச் சாமான், அரிசி, எண்ணெய். பூஜைப் பெட்டிக்கு மேலோ பக்கத்திலோ கருவாடு வந்தால் திரை முழுக்கச் சிவப்பு, ஆட்டம் போச்சு. நடுவில் அரிசி மூட்டை இருந்தால் தோஷமில்லை.

நாற்பது லெவலில் முப்பத்தொன்று இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. முப்பது வருடம் என் வேன் ஓடியதும் அப்படித்தான்.

தேறாது என்று ஏனோ தோன்றுகிறது. சரக்கைத் தொட்டாலே தெரியும், போகுமா போகாதா என்று.

5.11 செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். ரெம்பியா எஸ்டேட் பக்கம் சரக்கு போட்டு வந்தேன். வழியில் ஒரு டயர் காற்று இறங்கி அரை மணி நேரம் போனது.

கேமை வாங்கிய மூன்று பேரும் லெவல் ஏழில் மாட்டிக்கொண்டார்கள். மூவரும் ஒரே இடத்தில். ஒருவன் எழுதியிருக்கிறான்: கேம் ரோசாக், கெட்டுப்போயிருக்கிறது, சரியாக வைத்தாலும் சிவப்பு வருகிறது.

"விதிய நாம எங்கயுமே சொல்லலப்பா."

"இதக் கூடவா சொல்லணும்? சூடத்து மேல எவனாச்சும் கருவாடு வைப்பானா?"

"மூணு பேரும் வச்சிருக்காங்க."

கவிதா சிரிக்கவில்லை. நானும்.

மத்தியானம் பக்கத்துக் கடை காதர் பாய் டீயோடு வந்தார். போனைக் கையில் கொடுத்தேன். ஏழு வரை கடகடவென்று போனார். ஏழில் கொஞ்சம் யோசித்து, அரிசி மூட்டையைப் பிடித்து நடுவில் போட்டார். பாஸ்.

"எப்படி பாய் தெரிஞ்சது?"

"என்ன முதலாளி, உங்க சாமி சாமான் மேல நான் கருவாட்ட வைப்பனா? நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்?"

அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவரே சொன்னார்: "நீங்க, நான். வாங்குறதுக்கு ரெண்டு பேரு இருக்கோம் லா. போதுமா?"

6.11 புதன்

வெயில். தலைவலி. தைலம் வாங்க மறந்தேன்.

விதியைப் படமாகக் காட்ட வேண்டுமாம். கருவாட்டுப் பெட்டியிலிருந்து வாடை கிளம்புகிற மாதிரி நோட்டில் மூன்று கோடு வரைந்தேன். க. அதைப் பச்சைப் புகையாக ஆக்கினாள். அழகாகத்தான் இருந்தது. மறுபடி அனுப்பினாள்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி, பினாங்கு வெய் லிங், போன் பண்ணினாள். நல்ல பெண். ஏழாம் லெவலைத் தாண்டிவிட்டாள். ஒன்பதில் கேட்டாள்: பெட்டி மூடி போட்டு ஒட்டியிருக்கிறதே, வாடை எப்படி வரும்? ஒட்டிய பெட்டிக்கும் சிவப்பு என்றால் அது நியாயமில்லையே, அங்கிள்?

அவள் கேட்டதில் தப்பில்லை. வாடை வராதுதான். விஷயம் வாடையே இல்லை.

முதல் வருடம், மோட்டார் சைக்கிள் வியாபாரம். பூஜைப் பையை அடியில் வைத்து, மேலே கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு ரெம்பியா பக்கம் ஒரு எஸ்டேட் கோயிலுக்குப் போனேன். பூசாரி முகர்ந்து பார்க்கவில்லை. திட்டவில்லை. நான் கயிறு அவிழ்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடப் பொட்டலத்தை வாங்கி வெளிச்சுவர் மேல் வைத்தார். "அங்கயே இருக்கட்டும், தம்பி." இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பொட்டலம் அதே சுவரில். உள்ளே சூடம் காற்றோடு போய் வெறும் காகிதம்.

இதை எந்தக் கட்டத்தில் வரைவது? க.விடம் சொன்னேன். கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "இத டுட்டோரியல்ல போட முடியாதுப்பா."

7.11 வியாழன்

காலை பத்தரைக்குப் போன். க. ஸ்பீக்கரில் போட்டாள்.

வேண்டும் என்றார்கள். ஏற்றுவது, இறக்குவது, பெட்டி விழுகிற சத்தம், எல்லாம் பிடித்திருக்கிறது. கருவாட்டு விதி வேண்டாம். லெவல்களை அவர்கள் ஆளே போடுவான். க. கோலாலம்பூர் வந்து அவனோடு உட்கார வேண்டும். திங்கட்கிழமையே.

க. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். விதியை எடுத்துவிட்டு என் லெவல்களை ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தொன்றும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம்.

"வேணாம்னு சொல்லிடறேன்ப்பா. உங்க லெவல் இல்லாம என்ன கேம்?"

"கிறுக்கா உனக்கு? போகாத சரக்க எடுத்துட்டு, போறத அடுக்கணும். அதான் வியாபாரம்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கு என்ன? கடை இருக்கு, வேன் இருக்கு."

சரியாகத்தான் சொன்னேன். வேறு யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். சிங்கப்பூர் இல்லை, கோலாலம்பூர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மாடி காலி என்பதில் மாற்றமில்லை.

சாயங்காலம் செர்காம் சரக்கு வந்தது. நெத்திலி ஈரம். திருப்பி அனுப்பினேன்.

8.11 வெள்ளி

மழை. எழுத ஒன்றுமில்லை. க. சிங்கப்பூருக்கு வரவில்லை என்று பதில் போட்டாள். கோலாலம்பூருக்கு வருகிறேன் என்று போட்டாள். லெவல் வரைந்த நோட்டு எங்கே என்று கேட்டாள். பழைய காகிதத்தோடு போய்விட்டது என்றேன். போகவில்லை, கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.

9.11 சனி

மேகமூட்டம். பதினொரு மணி பஸ். மலாக்கா சென்ட்ரலில் இறக்கிவிட்டேன். பை மூன்று, கம்ப்யூட்டர் ஒன்று. வேனில் நான் ஏற்றியது போலவே, முதலில் வேண்டியதைக் கடைசியில் வைத்திருந்தாள்.

போகும் முன் என் போனில் புதுக் கேமைப் போட்டுத் தந்தாள். அவர்கள் ஆள் போட்ட முதல் லெவலாம். "ரொம்ப ஈசிப்பா. சின்னப் பிள்ளைங்க கூட முடிச்சிரும்."

கடைக்கு வந்து உட்கார்ந்து திறந்தேன். பெட்டி நான்கு. வேனில் பாதி இடம்தான். எண்ணெய் வைத்தேன். அரிசி. பூஜைச் சாமான். மிச்சம் கருவாடு. மிச்சம் ஒரே ஒரு கட்டம், பூஜைப் பெட்டியின் தலைமேல். அதன் ஓரத்தில் மஞ்சள் அம்பு ஒன்று மினுக்கி மினுக்கி, இங்கே வை, இங்கே வை என்கிறது.

அழித்துவிட்டு வேறு மாதிரி அடுக்கினேன். மறுபடி அழித்தேன். வேறு வழி இல்லை, அப்படித்தான் போட்டிருக்கிறான். வைத்தால் மூன்று நட்சத்திரம். விரல் பெட்டியைப் பிடித்து மேலே கொண்டுபோகிறது. விட மாட்டேன் என்கிறது.

காதர் பாய் எட்டிப் பார்த்தார். "என்ன முதலாளி, ஒரு மணி நேரமா? எத்தனாவது லெவல்?"

"ஒண்ணு" என்றேன்.