கொடியில் இரண்டு நாரைகள்

எஸ்திரமதூரா,
பிப்ரவரி 9

அன்புள்ள ஹசிந்தோவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தைக்குச் சளி விட்டதா? நான் சௌக்கியமாக இருக்கிறேன்.

இந்த ஊர்க் கொடிக்கான சின்னத்தை வரைந்து முடித்துவிட்டேன். மாதாகோயில் மணிக்கோபுரம், உச்சியில் கூடு, கூட்டில் ஒரு செங்கால் நாரை. ஊரார் கை தூக்கி ஒப்புக்கொண்டால்தான் கொடி தைக்கலாம். நேற்று நகர்மன்றத்தில் படத்தை விரித்தேன். ஒரு கைகூட எழவில்லை.

"இன்னொண்ணு எங்கம்மா?" என்றார் கசாப்புக் கடைக்காரர் எலூத்தேரியோ. "புருஷன ஊர்லயே விட்டுட்டு வந்த நாரையா இது?"

உங்களை விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள் என்று எல்லாருக்கும் தெரியும்; மன்றமே சிரித்தது.

"கூட்டுல ஒண்ணுதானே இருக்கு? பார்த்ததத்தான் வரைஞ்சேன்" என்றேன்.

"வருஷா வருஷம் ஒண்ணு முன்னாடி வந்து கூட்டச் சரி பண்ணும். மத்தது ரெண்டு வாரம் கழிச்சுதான் வரும்" என்றார் மேயரம்மா. "அதுக்குள்ள ஒத்தையாளுன்னு முடிவு கட்டிட்டியே!"

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவதையும் வரைந்தேன். எல்லாக் கைகளும் எழுந்தன. நிஜக் கூட்டில் இன்னும் ஒன்றுதான் நிற்கிறது.

கொடி தைத்து முடிய ஈஸ்டர் ஆகிவிடும். அறையில் குளிர் அதிகம். தபால் வண்டி கிளம்பப்போகிறது, முடிக்கிறேன். சாம்பல் நிற ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா? அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள்.

பிரீஹிதா