ஐந்தாவது டாங்கி

அன்பு மருமகன் துஷாந்துக்கு,

திம்புள்ளைச் சீமையின் ஆட்டோ சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய செல்லசாமி எழுதிக்கொள்வது. கட்டார் வெயில் உன்னை அப்பளமாகப் பொரித்துவிடாமல் முருகன் ஒரு குடையாவது பிடித்துக்கொண்டு பின்னால் வரட்டும். இங்கே நான் சுகம். உன் அம்மா எழுந்திருக்கிறாள், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள், வந்து சோறு பொங்குகிறாள். இதைச் சுகம் என்று எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிட்டேன். ஒரு மாதமாக மழை. துவைத்த சாரம் காய ஆறு நாள் ஆகிறது. போன வாரம் என் காலைக் கடித்த அட்டை குடித்த குடிக்கு, அதை ஆட்டோவில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோய் விட்டேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் அடுத்த லயத்து வீட்டு மாயாண்டியின் மகள் டோஹா வரும்போது அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் நீ தம்பிக்கு அனுப்பிய, எண்ணெயில் ஓடும் அந்த நைட்ரோ ரிமோட் கார் பற்றியது. முழங்கை நீள வண்டிதான், ஆனால் அது விட்ட புகையில் கொத்மலை அணைக்கட்டே காணாமல் போயிருக்கும். புது எஞ்சினை எடுத்ததும் விரட்டக்கூடாது, ஐந்து டாங்கி எண்ணெய் முடியும்வரை மெல்ல ஓட்டிப் பழக்க வேண்டும் என்று உன் தம்பி கிஷாந்த் கொப்பியில் எழுதிவைத்திருந்தான். நம் குளிரில் எஞ்சினின் தலை சூடேறாது, சூடேறாமல் பிஸ்டன் பழகாது என்று தன் பழைய பள்ளிக்கூடக் காலுறையை வெட்டி அதன் தலையில் மாட்டியதும் அவன்தான். மூன்று டாங்கி முடித்தான். அதற்குப் பிறகுதான் வட்டவளை வளைவில், மழையில், அந்த மோட்டார் சைக்கிள் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஏழு மாதம் அந்தக் கார் அலுமாரிக்கு மேலேயே இருந்தது. அவன் ஓட்டிய நாளெல்லாம் இந்தச் சனியன் சத்தத்துல தலையிடிக்குது என்று திட்டிய உன் அம்மா, போன ஞாயிறு காலையில் தானாகவே அதை இறக்கித் துடைத்துக்கொண்டு வந்து, இன்னும் ரெண்டு டாங்கி இருக்குன்னு சின்னவன் சொன்னானே தம்பி, அத நீ முடிச்சுக் குடு, அது எப்புடித்தான் பறக்குமுன்னு நானும் பாக்குறேன் என்றாள். நான் யார்? ஆட்டோவைக் கழற்றிப் பூட்டி, மிஞ்சிய ஆணிகளில் இன்னொரு ஆட்டோ செய்யக்கூடிய விஸ்வகர்மா அல்லவா. கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சீமெந்துத் தரைக்குக் கொண்டுபோனோம். ஸ்டார்ட் கயிற்றின் பத்து இழுப்பில் தோள் கழன்றது, பதினோராவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான்காவது டாங்கி முழுவதும் சளி பிடித்த எருமை மாதிரி இருமிக்கொண்டே ஓடியது. அக்கா புகைக்குள்ளேயே நின்றாள். தள்ளி நில்லுக்கா என்றேன், கேட்கவில்லை.

மருமகனே, இனித்தான் கேள். ஐந்தாவது டாங்கிக்குக் காலுறையைக் கழற்று, பிறகு எண்ணெயைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் ஊசியை எட்டில் ஒரு சுற்று மட்டும் முடுக்கு என்று கொப்பியில் பெரிய எழுத்தில் இருந்தது. கொப்பி என் கையில்தான் இருந்தது. காலுறையில் கை வைத்தேன். வேணாம் தம்பி, பனி இறங்குது, அவன் போட்டுவிட்டது, அப்புடியே இருக்கட்டும் என்றாள். என்னால் கழற்ற முடியவில்லை. அதோடு விட்டேனா, அவள் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஊசியை அரைச் சுற்றுத் திருகிவிட்டேன். பறந்ததடா! மடுவத்தை இரண்டே சுற்று. மடுவத்துக் கூரைத் தகரமெல்லாம் சிலிர்த்தது, அக்கா ஏழு மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள். சத்தம் ஏறி ஏறி விசில் மாதிரிப் போய், சட்டென்று நின்றது. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், படுமுன்னே ஆவியாகிவிட்டது. கயிறு அசையவில்லை. எண்ணெய் முடிஞ்சிருச்சுக்கா என்று பொய் சொன்னேன். மறுநாள் ஹட்டனில் கோகுலராஜின் கராஜில் திறந்து பார்த்தோம். பிஸ்டன் முழுவதும் கீறல். இது இனி இழுக்காது அண்ணே என்று அவன் மெல்லத்தான் சொன்னான்.

புதுப் பிஸ்டன் வாங்கலாம், எனக்கும் தெரியும். தம்பி பழக்கிய பிஸ்டன் அதுவாகாது. அதைவிடப் பெரிய இடி நேற்று விழுந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடியே அக்கா சொன்னாள்: எண்ணெய் முடியலன்னு எனக்குத் தெரியும்டா, காலுறை கருகின வாசம் அப்பவே வந்துச்சு, நாந்தான கழட்ட விடல, அவன் கைபட்டு மிச்சமிருந்த ஒண்ணையும் நானே பொசுக்கிப்புட்டேன். பெரியவனுக்கு மட்டும் சொல்லிராத, தனியாக் கெடக்குற புள்ள என்றாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள்.

அதனால் ஒன்று செய். வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது, காரைப் பற்றி நான் எழுதியதாகவே சொல். காலுறையால் ஒன்றும் ஆகவில்லை, ஊசியை அரைச் சுற்றுத் திருகிய மடையனால்தான் எஞ்சின் போனது என்று சொல். முழுப் பொய்யும் இல்லை. நான் சொன்னால் தன்னைத் தேற்றுகிறேன் என்று நினைப்பாள். நீ எஞ்சின் படித்தவன், நீ சொன்னால் நம்புவாள். ஸ்பீக்கரில்தான் இருக்கும், என்னை நன்றாகத் திட்டு. குரல் உடையாமல் திட்டு, அவளுக்குக் கேட்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழை நாளில் மோட்டார் சைக்கிள் பக்கம் போகாதே. நூறு வயது நீ இருக்க வேண்டும், அதில் ஒரு நாள்கூடக் குறைக்க நான் யாருக்கும் அனுமதி தரமாட்டேன்.

உன் மாமன்,
செல்லசாமி