நீ கேட்காத என்ஜின்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் டீசல் புகை முகத்தில் அடித்தது. மெட்ரோ வேலைக்காக ஜனக்புரி மெயின் ரோட்டைத் தோண்டுகிறார்கள். மண்வாரி எந்திரம் ஒன்று இருமி இருமிக் கிளம்பியது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி என் மனைவி சத்தம் போட்டாள். நான் சாத்தவில்லை. நீ இருந்திருந்தால் மேல்வீட்டிலிருந்து இறங்கி வந்து, "டீசல் முழுசா எரியலடா, வாசனையே சொல்லுது பார்" என்றிருப்பாய். கடைசிக் காலத்தில் எந்த வண்டியையும் நீ மூக்கால்தான் அறிந்தாய்.

ராணுவத்தில் டாங்கி ஓட்டியவன் நீ, குடியாத்தத்துக்காரன். பென்ஷனோடு வெளியே வந்து இங்கே ஒரு வங்கியில் காவல் வேலையில் சேர்ந்தாய். நான் திருநெல்வேலியிலிருந்து வந்த சர்க்கார் குமாஸ்தா. இந்த இந்திக்காரர் ஊரில், மாடிப்படியில் தமிழ்க் குரல் கேட்டு நின்றதில் தொடங்கியது நம் பழக்கம். அப்போதே உன் இடது காது செத்துப்போயிருந்தது. வலது காதும் அடைத்துக்கொண்டே வந்தது. இதற்கு வைத்தியமில்லை என்று டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாய். "பீரங்கி தின்னது போக மிச்சத்தை வயசு தின்னுதுடா."

அந்தக் குளிர்காலத்தில்தான் டாங்கி மாடல் செய்ய உட்கார்ந்தாய். உன் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. முழங்கை நீளம் இருக்கும். வெயில் விழும் பால்கனியில் பாகம் பாகமாக ஒட்டி, நீ ஓட்டிய வண்டியின் பச்சையையே தேடிப் பிடித்து அடித்தாய். ரிமோட்டைத் தள்ளினால் சங்கிலி உருண்டது, பீரங்கி திரும்பியது. ஆனால் சத்தம் மட்டும் மிக்சி அரைப்பதுபோல இருந்தது. உனக்கு அது பொறுக்கவில்லை.

"இது வண்டியே இல்லடா, பொம்மை. சவுண்டு போர்டு ஒண்ணு வாங்கி உள்ள வெக்கணும். அந்த என்ஜின் சத்தத்த இன்னொரு தடவ கேக்கணும். காது இருக்கறப்பவே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் போனோம். இரண்டு போர்டுகள் உன் மனதில் இருந்தன. ஒன்றில் என்ஜின், பீரங்கி, மெஷின் கன், அதிகாரி போடும் கட்டளை எல்லாம் உண்டு. மற்றதில் என்ஜின் மட்டும். ஆனால் ரிமோட்டை எவ்வளவு தள்ளுகிறோமோ அதற்கேற்ப ஏறும், விட்டால் தணிந்து நின்ற இடத்தில் உறுமும். இரண்டின் சத்தத்தையும் கணினியில் கேட்டுப் பார்க்கலாம். நீ ஹெட்போனைக் காதில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு கழற்றி என் தலையில் மாட்டினாய்.

"பஞ்சு மூட்டைக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்கு. நீ கேளு. நான் பண்ணிக் காட்டறேன், அதுல அது இருக்கா பார்."

"எனக்கு என்னலே தெரியும்? நான் டாங்கியக் குடியரசு தினத்துல டிவியில பாத்தவன்."

நீ கேட்கவில்லை. வாயாலேயே வண்டியைக் கிளப்பினாய். முதலில் ஒரு செருமல், ஒரு திணறல், பிறகு அடிவயிற்றிலிருந்து எழும்பிய உறுமல். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "அங்கிள்ஜி, தபியத் டீக் ஹை?" என்று, உனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து, கடைக்காரன் எழுந்தே வந்துவிட்டான். உனக்கு அது விழவில்லை. உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் ஒரு காதில் உன்னையும் மறு காதில் கணினியையும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் காட்டினேன்.

"அதான். அதையே வாங்கலாம். சுடற சத்தம் வேணாம்டா. சுட்டது போதும்."

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய போர்டு சுங்கத்தில் சிக்கி, வர நாளாயிற்று. குளிர் போய், வெயில் போய், மழையும் வந்தது. மழையோடு உன் வலது காதும் போயிற்று. ஒரு காலை கீழே வந்து, "வீட்ல குக்கர் தீயுது, விசிலே வரலடா" என்று கத்தினாய். விசில் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்து பார்சல் வந்தது. போர்டைப் பொருத்தி, குட்டி ஸ்பீக்கரை உடம்புக்குள் ஒட்டி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். நீ ரிமோட்டைத் தள்ளினாய். செருமியது, திணறியது, உறுமியது. கம்பியில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. உன் கண் டாங்கியில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

"நல்லாருக்குலே," என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாய்.

"நல்லாருக்கானு கேக்கல. அதானா?"

அது அதுதானா என்று சொல்லக்கூடியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். நீ மண்டியிட்டு டாங்கியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாய். பிறகு கன்னத்தை வைத்தாய். அவ்வளவு சின்ன ஸ்பீக்கர், தோலுக்கு எட்டும்படி என்ன அதிரும்? "ஒண்ணும் வரலடா" என்றாய். எழுந்து சுவிட்சை அணைத்தாய். அதன்பின் அதை நீ ஓட்டவில்லை. மெல்ல மெல்ல என் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டாய். நான் மேலே வந்தாலும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாய்.

தங்கை மகள் கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்தபோது செய்தி வந்தது. பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறாய். பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தானாம். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள், அடித்தான், அடித்தான் என்று. நான் வருவதற்குள் உன்னை எரித்துவிட்டிருந்தார்கள்.

உன் மனைவி குடியாத்தத்துக்கே கிளம்பும்போது டாங்கியை என்னிடம் நீட்டினாள். "இதக் கொண்டுபோறேண்ணா. அவர் கை பட்டது. ஆனா அந்தச் சத்தம் வேணாம், எடுத்துடுங்க. அவர் கேக்காதத நான் கேக்க மாட்டேன்." அவள் முன்னாலேயே திருகாணியைக் கழற்றி, ஒயரை வெட்டி, நாம் தேர்ந்தெடுத்ததை வெளியே எடுத்தேன். டாங்கியைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு அவள் ரயிலேறினாள்.

உனக்குக் காது அடைத்தபிறகு நாம் நடக்கையில் நான் வண்டிகள் போகும் பக்கமும் நீ கடைகளின் பக்கமும் வருவோம். பேசி வைத்துக்கொண்டதில்லை. இப்போது தனியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன். ஆனாலும் ரோட்டோரமாகவே, உள்பக்கம் ஓர் ஆள் வருமளவு இடம் விட்டே நடக்கிறேன்.