வியாழக்கிழமைக்கு அரை நாள் லீவு

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹிபாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஹிபாவும் உம்மாவும் சுகம். கீழ்வீட்டுக்காரர் வழமைபோலத் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே அவரும் சுகம்தான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். என் வொய்ஸ் மெசேஜை நீங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறீர்கள். ஒருநாள் வாய்தவறி நீங்களே சொன்னீர்கள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் அறையில் இருக்கும் றிகாஸ் லீவு முடிந்து நாளைக்கு ஷார்ஜா திரும்புவதால் அவர் கையில் பார்சல் தருகிறேன். மாசிச் சம்பல் போத்தலை முதலில் எடுங்கள், தொதலுக்குக் கீழே இந்தக் கடிதம் இருக்கும். தொதல் இனிப்பை உங்கள் அறையில் நாலு பேருக்கும் பங்கு வையுங்கள். கடிதத்தை வைக்க வேண்டாம்.

என் பயணம் உறுதியாகிவிட்டது. ராசல்கைமாவில் மலை உடைத்துக் கல் ஏற்றும் குவாரி ஒன்று எங்கள் கம்பனியின் கம்பியூட்டர் புரோகிராமை வாங்கியிருக்கிறது. லொறிகளின் எடையைப் பதியும் அந்த வேலையை அங்குள்ளவர்களுக்குப் பதினைந்து நாள் பழக்கிக் கொடுக்க வேண்டும். ஒஃபிஸில் இரண்டு பேருடைய பெயர் சிபாரிசுக்குப் போனது. மற்றவர் என்னைவிட எட்டு வருஷம் மூத்தவர். பொஸ் என்னைத்தான் போகச் சொன்னார். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள், பெருமையாகத்தான் இருக்கிறது.

தங்குமிடம் மலை அடிவாரத்தில். வெள்ளி சனியில் கணவரும் வந்து தங்கலாமா என்று அங்குள்ள மனேஜருக்கு எழுதிக் கேட்டேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. தாராளமாக என்று பதில் வந்திருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம்தான் என்று நீங்களே சொன்னீர்கள். சொன்ன கையோடு போனை வைத்துவிட்டீர்கள். கேட்டால் நெட்வேர்க் என்றீர்கள்.

அதனால்தான் மலையேறத் திட்டம் போட்டேன். பயப்பட வேண்டாம், எல்லாம் சின்னச் சின்ன ஏற்றம். முதல் சனிக்கிழமை குவாரிக்குப் பின்னாலுள்ள ஆட்டுப் பாதை, போய்வர ஒன்றரை மணித்தியாலம். சுபஹு தொழுத கையோடு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். அடுத்த சனிக்கிழமை பழைய கல் வீடுகள் இடிந்து கிடக்கும் மேட்டுக்கு. அது கொஞ்சம் செங்குத்து. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் ஒரு பிழை விட்டுவிட்டேன். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம், தொப்பி. உங்களிடம் இருப்பது ஒஃபிஸ் சப்பாத்தும் பாட்டாச் செருப்பும் மட்டும் என்று றிகாஸ் சொன்னார். நல்ல சப்பாத்து ஒன்று வாங்கி, இப்போதே போட்டுப் பழகுங்கள்.

நான் பழகத் தொடங்கி மூன்று வாரம். ஹிபாவின் பழைய ஸ்கூல் பேக்கில் ஐந்து கிலோ சம்பா அரிசியைப் போட்டுக்கொண்டு, நம் ஃபிளட்டின் ஆறு மாடியையும் தினமும் நாலு தரம் ஏறி இறங்குகிறேன். மூன்றாம் மாடி சரோஜினிதேவி அன்ரி இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கதவைத் திறந்து, லிஃப்ட் வேலை செய்யுதே பிள்ளை, ஏன் இப்பிடி அரிசியோட அலையிறாய் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவரும் இரண்டு மாடி என்னோடு ஏறுகிறார். உம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. மலையேற வெளிநாட்டுக்குப் போகோணுமா மகள், நுவரெலியா இங்கதானே ஈக்கிது என்கிறார். அட்டை கடிக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்து வைத்தேன் என்று சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மலையில் புல்லே இல்லை, அட்டை எங்கே வரும் என்றீர்கள். மலை என்றால் அட்டை என்றுதான் நமக்குத் தெரியும், என்ன செய்வது.

உங்களை ஏன் மலைக்கு இழுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடித்து மூன்றாம் வாரம் எல்ல ஊரில் அந்தக் குன்று ஏறினோமே, நினைவிருக்கிறதா? அதுவரைக்கும் என்னோடு பத்து வார்த்தை சேர்த்துக் கதைக்காத மனிதர், தேயிலைக்குள்ளால் நடந்த அந்த ஒரு மணித்தியாலமும் வாய் மூடவில்லை. உங்கள் வாப்பா மௌத்தான கதை, மாளிகாவத்தைக் கடை கைவிட்டுப் போன கதை, பதினேழு வயதில் முதல்தரம் ஏசி ஒன்றைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல் முழித்த கதை எல்லாம் அன்றுதான் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டே சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தெரியும், உங்களுக்குக் கால் நடந்தால்தான் வாய் திறக்கும். போனில் நீங்கள் வேறு ஆள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பனியில் மாத முடிவுக்குள் அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், இல்லையா? நீங்கள் சொல்லவில்லை. பார்சல் எடுக்க வந்த றிகாஸிடம் நான்தான் துருவினேன், அவரை ஏச வேண்டாம். “நானா பேப்பர பேக்ல வச்சிக்கிட்டே திரியிறாரு ராத்தா, இன்னும் சைன் வைக்கல்ல” என்று உங்களைத்தான் சொன்னார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். வைக்க மனமிருந்தால் அன்றே வைத்திருப்பீர்கள். வைக்க மனமில்லாததால்தானே சுமந்து திரிகிறீர்கள்?

இங்கே வந்தால் மாமி வீட்டில் சும்மா இருக்க வேண்டி வரும் என்பதுதான் உங்கள் கவலை. இதையும் நீங்கள் சொன்னதில்லை. நம் ஆட்களில் எந்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் இருக்கவில்லை? ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டை என் சம்பளத்தால் நடத்த முடியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குள் ஏசி திருத்துகிற ஒருவருக்கு இந்தக் கொழும்பு வெக்கையில் வேலை கிடைக்காமல் போகுமா? உம்மாகூட உங்களைப் பற்றி, ரிப்கான் மகன் வந்தால் முதலில் இந்த ஹோல் ஏசியைப் பார்க்கச் சொல்லு என்கிறார். அது போன வருஷத்திலிருந்து சூடாகத்தான் ஊதுகிறது.

மூன்றாவது மலைக்கு வருகிறேன். புறப்படுவதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் குவாரிக்கு மேலே ஏறி மஃரிபுக்குப் பிறை பார்ப்பது என்று எழுதி வைத்திருந்தேன். வெள்ளி உங்களுக்கும் லீவு என்று நினைத்து மிகவும் சந்தோஷப்பட்டேன். சுவரிலிருந்த பள்ளிவாசல் கலண்டரைப் பார்த்துவிட்டு றிகாஸ்தான் சிரித்தார். இது கொழும்புக் கணக்கு, அங்கே ஷஃபான் மாதம் இருபத்தொன்பது வியாழன், அன்றே பிறை தெரிந்து வெள்ளிக்கிழமை தலை நோன்பாகிவிடும், நோன்போடா மலை ஏறப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆறு வருஷமாகப் பெரிய பள்ளிவாசல் பிறை அறிவித்த பிறகுதான் எனக்கு நோன்பு. உங்களுக்கு அது ஒரு நாள் முந்தியே தொடங்கியிருக்கும். நீங்கள் முதல் நோன்பு திறக்கும்போது நான் இங்கே சாதாரணமாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். பெருநாளும் அப்படித்தான். பெருநாள் சாப்பாட்டை நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பும் நேரம் நான் நோன்போடு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பேன். இத்தனை பழகியும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை பாருங்கள்.

கல்யாணம் முடித்து ஆறு வருஷத்தில் ஒரே பிறைக்கு நாம் இருவரும் நோன்பு பிடித்ததில்லை. இந்தமுறை பிடிக்கலாம். அங்கே தொடங்கி இங்கே வந்து முடித்தால் எனக்கு நோன்பு முப்பத்தொன்று விழவும் கூடும், பரவாயில்லை. ஆனால் அதற்கு நாம் ஒரு நாள் முந்தி மலை ஏற வேண்டும், நீங்கள் அந்த வியாழக்கிழமை அரை நாள் லீவு எடுக்க வேண்டும். லீவு கேட்பது உங்களுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி என்று தெரியும். ஆறு வருஷத்தில் நான் உங்களிடம் கேட்கும் முதல் அரை நாள் இது. நாலரைக்கு அடிவாரத்தில் நிற்பேன்.

நான் வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். வியாழக்கிழமை அந்தப் பேப்பரையும் பேக்கில் கொண்டு வாருங்கள், பேனையை மட்டும் அறையில் விட்டுவிடுங்கள். என்ன முடிவென்றாலும் நடந்துகொண்டே சொல்லுங்கள், என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்து சொன்னாலும் சரி. இரண்டு வருஷம்தான் என்றால் அழமாட்டேன் என்று எழுத வந்தேன். அழுவேன். எனக்கு உங்களோடு வாழ ஆசையாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

ஹிபாவிடம் வாப்பாவோடு மலை ஏறப் போகிறேன் என்று சொன்னேன். “வாப்பா மலையால இறங்கி நம்மட வீட்டுக்கா வருவாரு?” என்று கேட்டாள். கேட்டு வந்து சொல்கிறேன் மகள் என்றேன்.

உங்கள் கால்களுக்கு வலுவையும் நெஞ்சுக்குத் தைரியத்தையும் அல்லாஹ் தருவானாக. அந்த மாலை வானத்தை அவன் நமக்குத் தெளிவாக வைப்பானாக. மேகம் மறைத்தாலும் நீங்கள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
பஸ்லா